ரஜீனாவுக்கு ஒரு தீவு

போட் கரையை விட்டுப் பாதித் தூரம் வந்த பிறகுதான் ரஜீனா அதைக் கேட்டாள்.

"ஏனுங்க, தீவு பாக்கப் போறவங்க மூஞ்சியா இது?"

ஜாகிர் சுற்றிலும் பார்த்தான். டிபன் பாக்ஸை மடியில் வைத்துத் தூங்கும் பெண்கள், சீருடையில் இரண்டு நர்ஸ்கள், நின்றபடி போனில் யாரையோ திட்டும் ஓர் ஆள். ஒருவர்கூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்து வாய் பிளந்துகொண்டிருந்தது இவர்கள் இருவர் மட்டும்தான்.

"தீவுல வேலைக்குப் போறவங்களா இருக்கும்," என்றான். "தீவுன்னா ஆஸ்பத்திரி, ஆபீஸ் எல்லாம் இருக்காதா?"

ஜாகிருக்குப் பாலக்காட்டுச் சித்தூரில் செருப்புக்கடை. கல்யாணமான புதிதில் ரஜீனா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: போட்டில் போய் ஒரு தீவைப் பார்க்க வேண்டும். ஓணம், பெருநாள், பள்ளிக்கூடம் திறப்பு என்று கடை ஒவ்வொரு வருஷமும் குறுக்கே வந்தது. மகளும் கட்டிக்கொண்டு போன பிறகு இன்றைக்குத்தான் வாய்த்தது.

விடியற்காலை ரயிலில் எர்ணாகுளம் வந்து இறங்கியதும் ஆட்டோக்காரரிடம், "தீவுக்குப் போகணும். போட் ஜெட்டி," என்று சொன்னதோடு சரி. வழியெல்லாம், பாலத்தின் மேல் காற்று இரைந்தபோதுகூட, கடையைப் பார்த்துக்கொள்ளும் தம்பியோடு போனில் பேச்சு. ரஜீனாவோ ரயிலில் விட்ட தூக்கத்தை ஆட்டோவில் பிடித்துக்கொண்டாள். இறங்கும்போது ஆட்டோக்காரர் கையை நீட்டி எதையோ விளக்கினார். ஜாகிர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே தலையாட்டி அனுப்பிவிட்டான். வழி கேட்பது அவனுக்குப் பிறவியிலேயே ஆகாது. எதிரே போட் புறப்படத் தயாராக நின்றது. ஓரமாகக் காயப்போட்டிருந்த வலைகளைப் பார்க்க நின்றவளை, "எல்லாம் தீவுல போய்ப் பாத்துக்கலாம் வா," என்று இழுத்து ஏற்றிவிட்டான்.

அக்கரையில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கார் ஷோரூம்.

"தீவுல கார் வாங்கி எங்கீங்க ஓட்டுவாங்க?"

"சுத்திச் சுத்தி ஓட்டுவாங்க."

ரஜீனா அதை நம்பிவிட்டாள். ஆனால் மூன்று மாடி ஜவுளிக்கடையும், அதை ஒட்டி நகராமல் நின்ற வாகன வரிசையும் ஜாகிரையே கொஞ்சம் கலக்கின. சின்னத் தீவு என்றுதான் கேள்விப்பட்டிருந்தான்.

"இது டவுன் பக்கம் போல," என்றான். "கடைசி ஸ்டாப்புக்கு பஸ் ஏறிட்டா முடிஞ்சுது. தீவுல கடைசி ஸ்டாப்புன்னா கடலாத்தான் இருக்கணும்."

நியாயமாகத்தான் பட்டது. பஸ் ஏறினார்கள். அது போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. கடைசி ஸ்டாப்பில் காய்கறி மார்க்கெட் இருந்தது. அழுகின முட்டைக்கோசு வாசம்தான் வந்தது. கடல் காற்று வரவில்லை.

"இத்தனை பெருசாங்க தீவு?"

"பின்னாடி ஒரு தோடு ஓடுது பாரு. அதைப் புடிச்சுப் போனா கடலு வந்துரும்."

வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிலுக்கடியில் புகுந்து மறைந்தது. மதிலைச் சுற்றிக்கொண்டு போனால் அகலமான நெடுஞ்சாலை. அதன் மேலே பச்சைப் பலகை. பலகையில் பாலக்காடு என்று அம்புக்குறி போட்டிருந்தது.

ஜாகிர் அதை இரண்டு தடவை படித்தான். ரஜீனா பலகையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து டீக்கடை ஓரமாக நின்ற லாரியிலிருந்து ஒரு குரல். "பாய், நீங்க எங்கீங்க இங்க?"

சித்தூருக்குப் பக்கத்து ஊர் நல்லேப்பிள்ளி மணிகண்டன். நெல் லோடு அடிப்பவர், கடைக்குப் பழைய வாடிக்கை.

"நீங்க எந்தப் பாலத்து மேல வந்தீங்க?" என்றான் ஜாகிர்.

"பாலமா? நேரா ஹைவேலதாங்க வந்தேன்."

"தீவுக்கு ஹைவேயா?"

மணிகண்டன் ரஜீனாவைப் பார்த்தார், பாய்க்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்பதுபோல. "இங்க ஏதுங்க தீவு? லோடு எறக்கியாச்சு, ஊருக்குத்தான் போறேன். ரெண்டு பேரும் ஏறிக்கங்க. ஊட்டு வாசல்லயே எறக்கிவிட்டர்றேன்."

ஜாகிரின் காது சூடாகிவிட்டது. வெயிலில் அவ்வளவு தூரம் நடந்ததில் ரஜீனாவின் செருப்பு வார் அறுந்து போயிருந்தது. செருப்புக்கடைக்காரன் பெண்டாட்டி, அதைக்கூட அவள் சொல்லவில்லை.

"வேண்டாமுங்க," என்றாள் மணிகண்டனிடம். பிறகு ஜாகிரிடம் மெதுவாக, "நாம போட்டுலயே திரும்பிப் போலாம். தண்ணி மேலயாவது இன்னொருக்கா போயிக்கறேன். இனி எங்கயும் கூட்டிட்டுப் போங்கன்னு கேக்க மாட்டேன்."

ஜாகிர் ஜெட்டிக்குப் போகும் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினான்.

திரும்பும் போட்டில் ஜன்னலோர இடம் அவளுக்குக் கிடைத்தது. பாதித் தூரத்தில் ஜாகிர் அவள் பக்கம் சாய்ந்தான்.

"போட் மாறி ஏறிட்டேன் புள்ள. ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கணும்."

ரஜீனா திரும்பிப் பார்த்தாள். "அளவு தப்பா குடுத்த செருப்பைக்கூட, கால்தான் தப்புன்னு சொல்ற ஆளு நீங்க. இன்னைக்கு ஒத்துக்கிட்டீங்களே, போதும்."

கரை வந்தது. சாய்ந்த வெயிலில் தென்னைகள் தண்ணீரின் மேல் குனிந்து நின்றன. காலையில் காயப்போட்டிருந்த வலைகளை மீனவர்கள் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரஜீனா ஈர மணலில் நின்றாள். காலையில் இதையெல்லாம் பார்க்கக்கூட விடவில்லையே என்று ஜாகிருக்கு உறுத்தியது. ஊருக்குப் போவதற்குள் அவளுக்கு உறுதியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

போட்டின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் போனான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வழி கேட்டான்.

"அண்ணே, இன்னொரு நாளைக்கு வரலாம்னு இருக்கோம். இங்கிருந்து தீவுக்குப் போகணும்னா எந்த போட் ஏறணும்?"

கயிற்றை விட்டுவிட்டு அவர் ஜாகிரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தீவுக்கா? இப்பத்தானே சேட்டா தீவுல வந்து எறங்கினீங்க?"