மாடல் வராத வெள்ளிக்கிழமை

"மாடல் வரமாட்டாராம்" என்று கைபேசியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அறிவித்தார் புரொஃபசர் விட்டிகர். "பேட்டரி செத்துப்போச்சாம். காரோட பேட்டரி."

ஓவியக்கூடத்தில் இருந்த அத்தனை பேரும் டெல்பர்ட் சொஸாவைத் திரும்பிப் பார்த்தார்கள். செத்தது பேட்டரிதான் என்றாலும் துக்கம் விசாரிக்க வேண்டியது அவனிடம்தான் என்பது வகுப்புக்கே தெரியும்.

டெல்பர்ட் பாதாம் ஆலையில் ஓடு உடைக்கும் இயந்திரத்தை ஓட்டி ஓட்டி, முப்பத்தெட்டு வயதில் ஒருநாள், தனக்கு ஓவியம் வரும் என்று கண்டுபிடித்தவன். நம்ப முடியாத விஷயம், உண்மையாகவே வந்தது. மாநிலப் பல்கலைக்கழகம் அவனுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: மே மாதத்துக்குள் இந்தச் சமுதாயக் கல்லூரியில் உருவ வரைதல் வகுப்பை முடித்திருக்க வேண்டும். வகுப்பு போனால் இடமும் போகும். ஆலையில் வேலையை விடுவதாகச் சொல்லியாகிவிட்டது. அதைக்கூடத் திரும்பப் பெறலாம். ஆனால் மனைவி ஐவோன் தன் மூன்று அக்காக்களிடமும் சொல்லிவிட்டாள். அது திரும்பப் பெற முடியாதது.

"மாடல் இல்லேன்னா என்ன சார்? ஒரு குடத்த வெச்சு வரைவோம்" என்றான் டெல்பர்ட்.

"இன்னிக்கா?" விட்டிகர் கழுத்துத் துண்டைச் சரிசெய்தார். கலிஃபோர்னியப் பள்ளத்தாக்கில் தக்காளி செடியிலேயே வெந்துபோகிற வெயிலிலும் அந்தத் துண்டைக் கழற்றாத ஆள். "டீன் ஆபீஸ்லேர்ந்து இன்னிக்கு ஒருத்தர் பாக்க வர்றாரு. பாடத்திட்டத்துல 'உயிருள்ள மாடல் கட்டாயம்'னு இருக்கு."

"அதை யாரு சார் எழுதினது?"

"நான்தான்."

எழுதியது மட்டுமல்ல. உயிருள்ள மாடல் இல்லாத ஓவிய வகுப்பு பிணவறைக்குச் சமம் என்று டீனின் அறையில் ஒரு மணி நேரம் முழங்கி, அந்த வரியைச் சேர்க்க வைத்தவர் அவர். விட்டிகர் ஒரு காலத்தில் நியூயார்க்கில் கண்காட்சி வைத்தவர். கூட்டுக் கண்காட்சி. கூட்டத்தில் இவர் படம் கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்தது. இப்போது மூன்று கல்லூரிகளில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் எடுக்கிறார். அவருடைய அலுவலகம் என்பது அவர் காரின் டிக்கி.

டீன் அலுவலகத்துக்குத் தேவையானவை இரண்டு. மேடையில் உயிருள்ள மாடல். ஓவியத் தாங்கிகளுக்குப் பின்னால் குறைந்தது பதினைந்து தலைகள். ஒரு தலை குறைந்தாலும் வகுப்பை இழுத்து மூடிவிடுவார்கள். இந்த வகுப்பில் சரியாகப் பதினைந்து பேர்.

"எங்க உடற்கூறு லேப்ல ஒருத்தர் சும்மாத்தான் நிக்கிறார். கேட்டா தருவாங்க" என்றாள் மாய் யெர். நர்சிங் படிக்கிற பெண். கலையில் ஒரு பாடம் எடுத்தே ஆகவேண்டும் என்ற விதியால் இங்கே வந்து சிக்கியவள்.

"யாரு?"

"எலும்புக்கூடு."

"உயிருள்ள மாடல்னு சொல்றேன்!"

"ஒரு காலத்துல உயிரோட இருந்திருப்பாரு, விடுங்க" என்றார் வெர்னா. எழுபத்தாறு வயது. இதே வகுப்பில் வருடா வருடம் சேர்ந்து, வருடா வருடம் தேறாமல் பார்த்துக்கொள்கிறவர்.

"இல்லம்மா, பிளாஸ்டிக்."

ஒன்றுமில்லாததற்கு எலும்பாவது இருக்கட்டும் என்று டெல்பர்ட்டும் மாய் யெரும் ஓடிப்போய் அதைச் சக்கரத்தோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். வரும் வழியில் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டதில் வலது கை கழன்று விழுந்தது. விட்டிகர் மண்டியிட்டு, அந்தக் கையைத் தோளில் மாட்டப் போராடிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

சாம்பல் நிறக் கோட்டு. கறுப்பு டை. பளபளப்பான காலணி. அறுபதைத் தாண்டிய, மிக அமைதியான முகம்.

அந்தக் கல்லூரியில் பாடம் நடத்துகிற யாரும் டை கட்டுவதில்லை. பாடங்களை மூடுகிறவர்கள்தான் கட்டுவார்கள்.

"மன்னிக்கணும். உருவ வரைதல் வகுப்பு இதானே? ஆபீஸ்ல அனுப்பினாங்க. நான் வந்து..."

"தெரியும் சார், தெரியும்!" விட்டிகர் துள்ளி எழுந்து கையை நீட்டினார். நீட்டிய கையில் இன்னொரு கை இருந்தது. கோட்டுக்காரர் ஒரு கணம் யோசித்துவிட்டு, பிளாஸ்டிக் விரல்களை மரியாதையாகக் குலுக்கினார்.

"நீங்க ஒண்ணுமே சொல்லவேண்டாம். நாங்க இயல்பா இருப்போம். நீங்க உக்காந்தாப் போதும்."

"உக்காரணுமா?" அவர் கை டையின் முடிச்சைத் தொட்டது. "இப்படியேவா?"

"இப்படியே சார்! உங்க வசதிப்படி!"

அவர் ஜன்னலோரம் இருந்த நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டார். முதுகை நிமிர்த்தி, இடது கையை முழங்காலில் வைத்து, முகவாயைச் சற்றே தூக்கி உட்கார்ந்தார். அதோடு சரி. அதற்குப்பின் அவர் அசையவே இல்லை. இமைகூட எண்ணித்தான் தட்டியது.

"ஆளைப் பாத்தியா?" என்று டெல்பர்ட் மாய் யெரின் காதில் கிசுகிசுத்தான். "கல்லு மாதிரி உக்காந்திருக்கான்."

"போன வருஷம் மட்பாண்ட வகுப்ப மூடினாங்களே, அதுக்கும் இவர்தான் வந்திருப்பாரு. மனுஷங்களுக்கு இப்படி உக்கார வராது அண்ணே."

விட்டிகர் தொண்டையைச் செருமினார். "நண்பர்களே, எலும்பிலிருந்து தொடங்கினோம். இனி உயிருக்குப் போவோம். இன்றைய மாடல்..." அவர் பார்வை கூடத்தைச் சுற்றி வந்தது. எல்லோரும் குனிந்து கரித்துண்டு தேடினார்கள். குனியாமல் நின்ற ஒரே ஆள் டெல்பர்ட். "...திரு. சொஸா!"

டெல்பர்ட் மேடையேறி, பேருந்துக்கு நிற்கிறவனைப் போல நின்றான். ஆலையின் பெயர் போட்ட சட்டை, ஜீன்ஸ், பூட்ஸ்.

ஜன்னல் பக்கமிருந்து, உதடு மட்டும் அசைந்து ஒரு குரல் வந்தது. "துணியோடயா?"

அவ்வளவுதான் கேட்டார். உருவ வரைதல் வகுப்பில் மாடல் ஆடையின்றி நிற்பதுதான் வழக்கம். கூடத்தின் வெப்பநிலை சட்டென்று இறங்கியது.

"இல்ல சார், இல்ல! இது... இது முன்னுரை!" என்ற விட்டிகர், டெல்பர்ட்டை, மாடல் உடை மாற்றும் மறைப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"என்னால முடியாது சார். எங்க ஊர் சர்ச்சுக்கு வர்றவங்க ரெண்டு பேரு இந்த வகுப்புல இருக்காங்க."

"டெல்பர்ட், உனக்கு அந்தப் பல்கலைக்கழகம் வேணுமா, வேண்டாமா?"

டெல்பர்ட் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தான். "சாக்ஸையுமா?"

"சாக்ஸோட நின்னாத்தான்டா கேவலம்!"

வெளியே இருந்து வெர்னாவின் குரல்: "என் வயசுக்கு நான் பாக்காததையா கொண்டுவரப்போற? வா கண்ணு, சீக்கிரம். எனக்கு மதியம் பல் டாக்டர் இருக்கு."

டெல்பர்ட் வந்தான். மேடையேறினான். கூரையில் ஒரு குழல்விளக்கைத் தேர்ந்தெடுத்து, வாழ்க்கையில் வேறெதுவும் இல்லாதவன்போல் அதையே பார்த்தான். கரித்துண்டுகள் உரசத் தொடங்கின. இரண்டு நிமிடம் எல்லாம் சரியாக இருந்தது.

மூன்றாவது நிமிடத்தில் மாய் யெர் விட்டிகரின் முழங்கையைக் கிள்ளினாள். "சார், அண்ணன் மேடையில நிக்கிறார். அப்ப வரையறவங்க பதினாலுதான்."

விட்டிகரின் முகம் வெளுத்தது. டெல்பர்ட்டின் தாங்கி ஆளில்லாமல், ஊரறிய, நடுவரிசையில் நின்றது.

அடுத்து நடந்ததற்கு மாய் யெர்தான் பொறுப்பு. விட்டிகர் தன் உடம்பை அகல விரித்துக் கோட்டுக்காரரின் பார்வையை மறைத்துக்கொண்டு, எதிர்வெளி, நேர்வெளி, வெளிக்குள் வெளி என்று ஓவியப் பாடம் முழங்கிக்கொண்டிருக்க, அவள் எலும்புக்கூட்டின் கழன்ற கையை ஒருவழியாகத் தோளில் செருகி, அதற்கு ஒரு அங்கியை மாட்டி, டெல்பர்ட் கழற்றிவைத்திருந்த தொப்பியை அதன் தலையில் கவிழ்த்து, தாங்கிக்குப் பின்னால் உருட்டிப்போய் நிறுத்தினாள். முதுகுப்புறமிருந்து பார்த்தால் மெலிந்த, ஆர்வமான மாணவன். டெல்பர்ட்டைவிட நேராக நின்றது.

"தம்பிக்கு ஹீட்டர் கிடையாதா?" என்றது ஜன்னல்.

விட்டிகர் ஓடினார். அலமாரியிலிருந்து ஹீட்டரை எடுத்து, மேடையின் ஒளிவிளக்கு செருகியிருந்த அதே பிளக் பலகையில் செருகினார். பட்டென்று ஒரு சத்தம். விளக்குகள் மொத்தமும் போயின. மாடல் வகுப்பென்பதால் ஜன்னல்களுக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. பட்டப்பகலில் கும்மிருட்டு.

இருட்டு டெல்பர்ட்டுக்கு வரம்போல இருந்தது. மறைப்பை நோக்கி, ஒரு துண்டை நோக்கி, கைகளை நீட்டியபடி நடந்தான். விளக்கு திரும்பி வந்தபோது, அவன் கோட்டுக்காரரின் மூக்குக்கு நேர் எதிரே, ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தான்.

"மன்னிக்கணும் சார்" என்றான்.

கோட்டுக்காரர் அப்போதும் அசையவில்லை. "பரவால்ல தம்பி. மேடை அந்தப் பக்கம்."

காலைப் பொழுது நகர்ந்தது. டெல்பர்ட்டின் இடது தொடை மரத்தது, பிறகு நடுங்கியது. "வயித்த உள்ள இழுத்துக்காத கண்ணு, வெளியவே விடு. அப்பத்தான் எனக்குக் கோடு நல்லா வருது" என்றார் வெர்னா. சர்ச்சுக்காரர்கள் இருவரும் அவனுடைய காதை மட்டும் பெரிதாக வரைந்துகொண்டிருந்தார்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. சிறிது நேரத்துக்கொருமுறை கோட்டுக்காரர் எழுந்தார். கழுத்தை இரண்டு பக்கமும் சொடுக்கினார். ஓரத்துத் தாங்கிகளருகே நின்று, தாளைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடியது. பிறகு திரும்பிப்போய், அதே நாற்காலியில், அதே கோணத்தில், கை அதே முழங்காலில் இருக்க, உட்கார்ந்தார். ஒவ்வொரு சுற்றிலும் முகம் இன்னும் கொஞ்சம் தொங்கியது.

"பிடிக்கல" என்று உதட்டசைவில் சொன்னாள் மாய் யெர். "அவருக்குச் சுத்தமா பிடிக்கல."

மூன்றாவது சுற்றில் அவர் நடுவரிசைக்கு வந்தார். தொப்பி போட்ட மாணவனின் பின்னால் நின்றார். தாள் காலியாக இருந்தது. "நீங்களுமா வரையல?" என்று கேட்டு, ஆறுதலாகத் தோளில் தட்டினார்.

கை விழுந்தது. தரையில் உருண்டு, மேடையின் காலடிக்கு வந்து, உள்ளங்கை மேலே தெரியக் கிடந்தது.

கோட்டுக்காரர் குனிந்து, கையை எடுத்து, தூசி தட்டி, தாங்கியின் தட்டில் கரித்துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். நாற்காலிக்குப் போனார். உட்கார்ந்தார். முகவாயைத் தூக்கிக்கொண்டார்.

டெல்பர்ட்டின் கால் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டது. மேடையிலிருந்து சரிந்தவன் மறைப்பைப் பிடிக்க, மறைப்பு ஒளிவிளக்கைப் பிடிக்க, விளக்கு எலும்புக்கூட்டைப் பிடிக்க, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, தொப்பி மட்டும் உருண்டு சுவரோரம் போய் ஓய்ந்தது.

"முடிஞ்சுது" என்று விட்டிகர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கழுத்துத் துண்டைக் கழற்றினார். அது இல்லாமல் அவர், மூன்று கல்லூரிகளுக்கும் கார் ஓட்டிக் களைத்துப்போன சாதாரண மனிதராக இருந்தார். "சார், எல்லாம் பொய். மாடல் வரல. அது எலும்புக்கூடு. இவன் என் ஸ்டூடன்ட். நியூயார்க்லகூட..." ஏதோ சொல்ல வந்து, விழுங்கிக்கொண்டார். "அது வேற விஷயம்."

இடிபாடுகளிலிருந்து டெல்பர்ட் எழுந்தான். மேடைத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, நொண்டியபடி ஜன்னலருகே போனான்.

"சார், நான் சொல்றேன். ஆலையில நான் இல்லேன்னா நாளைக்கே வேற ஆளைப் போட்டு மிஷினை ஓட்டிக்குவாங்க. ஆனா இங்க நான் ஒரு கையை வரைஞ்சேன்னா, அது என்னால மட்டும்தான் அப்படி வரும். அதை இந்த வயசுலதான் கண்டுபிடிச்சேன். இந்த வகுப்பு போச்சுன்னா எனக்கு எல்லாம் போச்சு. இங்க இத்தன பேர் முன்னாடி இப்படி நின்னதே அதுக்குத்தான். மனசு வைங்க சார். மூடிடாதீங்க."

வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைக்குட்டையால் அல்ல, தன் ஓவியத்தால்; பிறகு மீண்டும் துடைக்க வேண்டியிருந்தது.

கோட்டுக்காரர் அந்தக் காலையில் முதல்முறையாகக் குழம்பிப்போய்த் தெரிந்தார். டெல்பர்ட்டைப் பார்த்தார். விட்டிகரைப் பார்த்தார். முதுகைச் சாய்த்து, முழங்காலிலிருந்து கையை எடுத்து, மரத்த விரல்களை நீவிவிட்டுக்கொண்டார்.

"மூடறதப் பத்தியெல்லாம் எனக்கென்ன தம்பி தெரியும்? உங்க மாடலுக்குக் கார் ரிப்பேரு, பதிலுக்கு வாங்கன்னு ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டாங்க, நான் ஒரு சாவு வீட்லேர்ந்து போட்ட கோட்டோட ஓடியாந்தேன். காலையிலேர்ந்து அசையாம போஸ் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், உங்கள்ல ஒருத்தராவது என் பக்கம் திரும்பி ஒரு கோடு போட்டீங்களா?"