கிரின்ஸ்டெட்டின் மிகப் பெரிய ரசிகன்

பயந்தவனைப் போன்ற தற்பெருமைக்காரன் உலகத்தில் இல்லை. பேருந்து வராவிட்டால் அது தன்னால்தான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் தன்னைப் பார்த்துத்தான். ஏதோ ஓர் அரசாங்க அலுவலகத்தில் ஒரு பேனாவின் மை தீர்ந்துபோனால், அது தன்னுடைய கோப்பில் கையெழுத்து வைக்கும்போது தீர்ந்ததுதான். இருபத்தேழு வயதில் நான் அப்படி ஒரு பெரிய மனிதனாக இருந்தேன்.

கிரின்ஸ்டெட், டென்மார்க்கில் யூலண்டின் நடுவில் சின்ன ஊர். ஒரு தொழிற்சாலை, ஒரு தேவாலயம், வருவதாக எழுதி வைத்திருக்கும் ஒரு பேருந்து, மிச்சமெல்லாம் காற்று. எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. அகதியின் மனைவி வந்து சேரலாம் என்று சட்டம் சொன்னது. என் மனைவி வசந்தி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். கலியாணமாகி நான்கு மாதத்தில் விட்டுவிட்டு வந்தவன் நான். விண்ணப்பம் அனுப்பினேன். 'பரிசீலனையில் இருக்கிறது' என்று பதில் வந்தது. மறுபடி கேட்டேன். அதே வசனம், அதே காற்புள்ளியோடு வந்தது. அங்கே இந்திய இராணுவம், பீரங்கிச் செல் வீச்சு, ஊரடங்கு. இங்கே ஒரு வாகனமும் வராத தெருவில் சிவப்பு விளக்குக்கு மரியாதை கொடுத்துக் காத்து நிற்கும் மனிதர்கள். அவளுடைய ஒரு கடிதத்துக்கும் அடுத்த கடிதத்துக்கும் இடையில் பழைய கடிதத்தை மடிப்புக் கிழியும்வரை வாசித்தேன்.

அந்தக் காலத்தில்தான் அமெரிக்க நடிகை ஒருத்தி என் வாழ்க்கைக்குள் வந்தாள். (பெயரைச் சொல்ல மாட்டேன். அவளாவது நிம்மதியாக இருக்கட்டும்.)

குற்றம் மொழிப்பள்ளி ஆசிரியை பியர்தவுடையது. ஆளுக்கொரு விடயத்தைத் தெரிவுசெய்து, பத்திரிகைகளில் அதைப் பற்றி வருவதையெல்லாம் வெட்டி, ஒரு கொப்பியில் ஒட்டி, வெள்ளிக்கிழமைதோறும் அதைப் பற்றிக் கதைக்க வேண்டும். ஒருவன் உதைபந்தாட்டத்தை எடுத்தான், இன்னொருவன் பன்றி வளர்ப்பை. நான் பெரிய ஆள் அல்லவா, அரசியலை எடுத்தேன். ஒரு வசனம் சரக்கு ரயில் மாதிரிப் போய்க்கொண்டே இருந்தது, வினைச்சொல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியவில்லை. பிறகு சலவை அறையில் கிடந்த பெண்கள் வார இதழ் ஒன்றைத் திறந்தேன். 'அவளுக்கு வயது பதினெட்டு. அவளிடம் ஒரு நாய் இருக்கிறது. நாய்க்கு ஒரு வயது.' என் டேனிஷ் மொழிக்கும் ஒரு வயது. ஒத்துப்போனது.

அன்றிலிருந்து அவளை ஒட்டத் தொடங்கினேன். ஆறு வயதில் சவர்க்கார விளம்பரம். பதினாறில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வைத்தியரின் மகள். பதினேழில் அந்தத் தொடரிலேயே மூன்று வாரம் நினைவிழந்து கிடந்தாள். (சம்பளம் குறைவு என்று கேட்டதற்கு அது தயாரிப்பாளரின் பதில்.) பிறகு அவளைத் தொடரிலிருந்தே தூக்கினார்கள். அழுதாள், தலைமயிரை வெட்டினாள், முதல் படம் தோற்றது, இரண்டாவது படம் ஓடியது. என் கோப்பு ஓர் அங்குலம் நகராத காலத்தில் அவள் ஒரு கண்டத்தைக் கடந்துவிட்டாள். எங்கேயாவது, யாருடைய காரியமாவது நகர்வதைப் பார்க்க வேண்டும் போல இருந்தது எனக்கு. என்னோடு அறையில் இருந்தவர்கள் அவளுக்கு 'சின்ன அண்ணி' என்று பெயர் வைத்தார்கள்.

எங்கள் ஊரில் இப்படிக் காத்திருந்தவர்கள் எட்டுப் பேர். மூத்தவர் தில்லை அண்ணை. அவருக்கு அங்கே மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அவர்தான் யார் யாரையோ பிடித்து உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபரை வரவழைத்தார். டேனிஷில் அவருக்கு நன்றி சொல்ல மட்டும் தெரியும். அதைக் கதவைத் திறக்கும்போதும் சொல்வார், மூடும்போதும் சொல்வார். எனவே கதைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"தம்பி, எங்கட எட்டுப் பேருக்கும் நீதான் வாய்," என்றார் அன்று காலை, எனக்குக் கழுத்துப்பட்டி கட்டிவிட்டபடி. "அங்கை பெண்சாதி பிள்ளையள் செல்லுக்குள்ள கிடக்குதுகள், இஞ்சை எங்கட பேப்பருகளை ஒருத்தரும் தொடேல்லை. இதைச் சொல்லு. வேற ஒண்டும் வேண்டாம்."

"ஓம் அண்ணை."

நிருபர் கார்ஸ்டன் வந்தார். படம் எடுப்பவரும் அவரே. தில்லை அண்ணை கோட்டுப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் அமர்ந்தார். முதல் கேள்வி, மனைவியைப் பார்த்து எவ்வளவு காலம்? இரண்டு வருடம் என்றேன். அவளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

வாயைத் திறந்தேன். மனைவி, கடிதம், காத்திருக்கிறேன், பயம். டேனிஷில் அவ்வளவுதான் இருந்தன, தரையில் சிதறிய நான்கு சில்லறைக் காசுகள் போல. வசந்தி சிரிக்கும்போது புறங்கையால் வாயை மூடுவாளே, அதற்கு என்ன சொல்? விமானச் சத்தம் கேட்டதும் ஊரே பதுங்குகுழிக்குள் இறங்குமே, அந்தக் குழிக்கு என்ன சொல்? கார்ஸ்டன் பேனாவை மூடினார், பிறகு இரக்கப்பட்டு, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

எனக்குள் ஒரு கதவு திறந்துகொண்டது. என்னிடம் ஐந்நூறு சொற்கள் இருந்தன, எல்லாம் அவளுடையவை. ஒப்பந்தம், முதற்காட்சி, தயாரிப்பாளர், வஞ்சகம், மனமுடைவு. நான் கொப்பியை எடுத்துவந்தேன். எவ்வளவு அழகாகக் கதைத்தேன் தெரியுமா! அவளைத் தொடரிலிருந்து தூக்கிய இடத்தில் என் குரல் உடைந்தது, உண்மையாகவே கண் கலங்கியது. பக்கத்தில் தில்லை அண்ணை தலையைக் குனிந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். நான் எட்டுக் குடும்பங்களின் துயரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார் மனிதர். கார்ஸ்டன் வேகமாக எழுதினார். கொப்பியைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். (கமராவைப் பார்த்தால் சிரிக்கும்படி வளர்க்கப்பட்டவன்.)

செவ்வாய்க்கிழமை பத்திரிகை வந்தது. அரைப் பக்கம். நான், என் பற்கள், அவளுடைய பன்னிரண்டு படங்கள். தலைப்பு: 'கிரின்ஸ்டெட்டின் மிகப் பெரிய ரசிகன்'. கடைசிப் பந்தியின் கடைசி வரி: 'அவருடைய மனைவி இலங்கையில் வசிக்கிறார்.'

வேலை முடிந்து வந்து அதை வாசித்துவிட்டு நாற்காலியில் இருக்க முடியாமல் எழுந்து, எழுந்து நிற்க முடியாமல் மறுபடி அமர்ந்தேன். தில்லை அண்ணை முகமெல்லாம் வெளிச்சமாக உள்ளே வந்தார்.

"அரைப் பக்கம் போட்டிருக்கிறான், உன்ர பள்ளிக்கூடக் கொப்பியையும் போட்டிருக்கிறான், பாத்தியா? காலமையே கடைக்குப் போய் எல்லாப் பேப்பரையும் வாங்கிட்டன். அனுப்பியும் போட்டன்."

"ஆருக்கு அண்ணை?"

"நீதி மந்திரிக்கு ஒண்டு, உன்ர பைல் நம்பரும் எழுதி. போலீசுக்கு ஒண்டு. பாராளுமன்றத்துக்கு மூண்டு. உன்ர மனிசிக்கும் ஒண்டு அனுப்பினனான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார், "பயப்படாதை, எல்லாம் எயார்மெயில்."

அவருக்கு அந்தச் செய்தியை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அவர் கத்தவில்லை. கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "அப்ப நான் ஆருக்காகத் தம்பி அழுதனான்?" என்று கேட்டார்.

பிறகு நான் நிலைமையைச் சரிசெய்ய முனைந்தேன். (எல்லா நாசமும் இந்த வசனத்தில்தான் தொடங்குகிறது.) அகராதியை மடியில் வைத்து நீதி அமைச்சுக்கு எழுதினேன்: 'மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களே, நான் அந்த நடிகையை நேசிக்கவில்லை. அவளுடைய ஒரு படத்தையும் நான் பார்த்ததில்லை. என் மனைவியையே நேசிக்கிறேன். அவள் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை.' மூன்று கிழமையில் பதில் வந்தது. என் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளதாம்.

கோப்பில்! இப்போது அவர்களிடம் பத்திரிகைத் துண்டும் இருந்தது, என் கையெழுத்தும் இருந்தது. கோப்பன்ஹேகனில் கண்ணாடி போட்ட ஒருவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இவனுக்கு எதற்கு மனைவி?' என்று கேட்பது எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. மாதங்கள் போயின. ஒருவருடைய மனைவியும் வரவில்லை. மற்ற ஏழு பேரையும் கண்டால் நான் தெருவின் மறுபக்கம் போனேன். சரியாகச் சொன்னால், சிவப்பு விளக்கிலும் போனேன்.

வசந்தியின் கடிதம் வந்தது. 'பேப்பர் கிடைத்தது. இங்கே ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. நீங்கள் ஏதோ விளம்பரத்தில் நடிக்கிறீர்கள் என்று மாமா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நானும் ஓம் என்றேன். சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள், அது போதும்.' அந்த 'அது போதும்' அன்பா, கோபமா என்று இரண்டு மாதம் ஆராய்ந்தேன்.

அமைச்சர் மாறினார். அடுத்த ஆண்டு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள், தில்லை அண்ணையின் குடும்பம், பிறகு வசந்தி. மெலிந்து, பெரிய குளிர்ச்சட்டைக்குள் காணாமல்போய் வந்தாள். என் அசட்டுத்தனத்தால் அவள் செல்லுக்குள் கூடுதலாகக் கிடந்தாள் என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பதிலாக வீட்டில் எல்லாப் பாத்திரத்தையும் நானே கழுவினேன்.

சில வருடங்கள் கழித்து, நாங்கள் குடிமாறிப் போன ஹோர்சன்ஸ் நகரில், ஒரு ஜனவரி மாலை. மகளுக்கு இரண்டு வயது, வசந்தி அவளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சியில் விசாரணை அறிக்கையைச் சொன்னார்கள். தமிழர்களின் குடும்பங்களைக் கூப்பிடும் விண்ணப்பங்களை அந்தப் பழைய நீதி அமைச்சரே சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்திருந்தாராம். நாட்டில் எல்லாருக்கும் கோபம், எல்லாருக்கும் வெட்கம். நான் மட்டும் சோபாவிலிருந்து வழுக்கித் தரைக்கு வந்து சிரித்தேன், சிரிப்பு நடுவில் வேறேதோவாக மாறியது.

"என்னப்பா, இதுக்கேன் சிரிக்கிறியள்?"

எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பர், கடிதம், கண்ணாடி போட்ட மனிதர். அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் ஒரு படக்காரியைப் பற்றிக் கதைச்சதுக்கு அரசாங்கம் என்னை மறிச்சது எண்டு நினைச்சனீங்களோ?"

"ஓம்."

"அதுக்காகத்தானோ இவ்வளவு காலமும் சட்டி கோப்பை கழுவினனீங்கள்?"

"ஓம்."

அவள் புறங்கையால் வாயை மூடினாள். "சரி, கழுவுறதை நிப்பாட்டிப்போடாதேங்கோ," என்றாள்.

அந்தக் கிழமையே அரசாங்கம் பதவி விலகியது. அதுவும் என்னால்தான் என்று வீட்டில் முடிவானது. அதன் பிறகு எங்கள் வீட்டில் ரயில் பிந்தினாலும், சலவை இயந்திரம் நின்றாலும், தேர்தலில் யார் தோற்றாலும் காரணம் ஒன்றுதான். அந்த நடிகை இப்போது தொடர்களில் தாய் வேடத்தில் வருகிறாள். வசந்தி ஒரு பகுதியும் விடுவதில்லை.

போன மாரியில் புயலால் கடலுக்குக் குறுக்கே போகும் பெரிய பாலத்தை மூடினார்கள். பாலத்துக்கு அப்பால், கோப்பன்ஹேகன் பக்கத்து இஷொயில் இருக்கும் மகள் வர முடியாமல் தொலைபேசியில் அழைத்து, வழக்கம்போல டேனிஷில், அப்பா யாராவது பத்திரிகைக்காரரோடு கதைத்தாரா என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை, காலமை ஒராளோட நிண்டு கதைச்சவர்," என்றாள் வசந்தி, என்னைத் திரும்பியும் பாராமல். "அதுதான் பாலத்தைப் பூட்டிப்போட்டாங்கள்."