அக்கரையில் கரடி இல்லை

ஒரு காட்டில் செங்கொண்டையான் என்றொரு மரங்கொத்தி இருந்தது. ஆற்றங்கரை மருதமரத்தில் வாராவாரம் கேலிச்சித்திரம் கொத்துவது அதன் வேலை. அக்கரைக் காட்டார் யாராயிருந்தாலும் அதன் அலகுக்கு ஒரே உருவம்தான்: தேனடையை நக்கும் தொந்திக் கரடி. அதன் அப்பன் கொத்தியதும் அதேதான். பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் கோடையில் ஆறும் இக்கரைக் குளமும் வற்றிப்போயின. இனி அக்கரை மடுவில்தான் தண்ணீர். ஒப்பந்தம் பேசத் தூதர் வருகிறார் என்றதும் சிங்கராஜா மரங்கொத்தியைக் கூப்பிட்டார்.

"அடேய், வருகிறவர் முதலில் உன் மரத்தைத்தான் பார்ப்பார். கரடியைச் செதுக்கி எறி. மரியாதையாக, உள்ளது உள்ளபடி ஒரு படம் கொத்து. பேச்சு முறிந்தால் உன் அலகைப் பிடுங்கிவிடுவேன்."

"நான் அவர்களைப் பார்த்ததே இல்லையே, ராஜா!"

"பார்க்காமலா இத்தனை வருஷம் கொத்தினாய்?"

"பார்த்துவிட்டால் கேலி வராதே, ராஜா."

அலகுப் பயத்தில் செங்கொண்டையான் முதன்முறையாக ஆற்றைத் தாண்டியது. தேடித் தேடிப் பார்த்தும் அக்கரையில் ஒரு கரடிகூட இல்லை. மடுவுக்கு முன்னால் டோக்கனும் கையுமாக வரிசை நின்றது. முயல் மானை இடித்தது. "பெரிய இடத்துப் பிள்ளையோ? பின்னால் போ!" என்று ஆமை கத்தியது. நரி, தான் மந்திரிக்கு மச்சான் என்று சொல்லி நடுவில் நுழைந்தது.

'அட, நம்ம ஆட்கள்!' என்று மரங்கொத்திக்கு நெஞ்சு இளகிப்போயிற்று. திரும்பி வந்து அப்படியே கொத்தியது.

மறுநாள் வந்த தூதர் முள்ளம்பன்றியார் மரத்தை உற்றுப் பார்த்தார்.

"நல்ல படம். உங்கள் காட்டாரா?"

"இல்லை ஐயா, நீங்கள்தான்" என்றது மரங்கொத்தி, பெருமையாக.

தூதரின் முட்கள் சிலிர்த்து நின்றன. "கரடி என்றீர்கள், பொறுத்தோம். எங்களை உங்களைப் போலவா வரைவது? இதைவிட என்ன அவமானம் வேண்டும்?"

"அவமானம் எங்களுக்கல்லவா!" என்று கர்ஜித்தார் சிங்கராஜா. "இடித்துத் தள்ளுகிற இந்தக் கும்பலும் நாங்களும் ஒன்றா?"

"அதைத்தானே நானும் சொல்கிறேன்!"

"அட, நமக்குள் எவ்வளவு ஒற்றுமை!"

முள்ளையும் பாராமல் ராஜா தூதரைத் தழுவிக்கொண்டார். ஒப்பந்தம் அங்கேயே கையெழுத்தாயிற்று. முதல் ஷரத்து: மரங்கொத்தி இனி எந்தக் கரையிலும் படம் கொத்தக் கூடாது. தண்ணீர் இரண்டாவது ஷரத்தில் வந்தது.

செங்கொண்டையானின் அலகு தப்பியது. எறும்பு கொத்த மட்டும்.

நீதி: அண்டை நாட்டாரைக் கரடியாக வரை, இரண்டு நாடும் தனித்தனியே சிரிக்கும். நம்மைப் போலவே வரை, இரண்டும் ஒன்றுசேரும், உன்மேல் பாய.