பெல் மாமாவுக்கு எழுந்திருக்கும் ஆடுகள்

மலையாள மாதம் மிதுனம் பதினேழு, சனிக்கிழமை, காலை ஏழு ஐம்பது, பொடித் தூறல். அன்றுதான் மட்டாஞ்சேரி ஆடுகள் எனக்கும் வழிவிட்டன. அதுவரை அவை உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் எழுந்திருக்கும்: பெல் மாமாவுக்கு.

எங்கள் தெருமுனையில் வாடகை சைக்கிள்கள் நிற்கும். போனில் தட்டினால் பூட்டு திறக்கும். படகுத்துறையில் விட்டுவிட்டு எர்ணாகுளம் போகலாம். பெரிய ரோட்டில் கண்டெய்னர் லாரிகள். என் வயதுக்கு ஆகாது. சுக்குக் கிடங்குச் சந்தில் நிழல் உண்டு. கூடவே மூட்டைக்காரர்கள், கைவண்டிகள், நடுவில் படுத்த ஆடுகள். பதினொரு சைக்கிளில் ஒன்றிலும் பெல் கிடையாது. எண்ணிவிட்டேன்.

மாமாவின் சட்டைப்பையில் சொந்தமாக ஒரு பித்தளை பெல் இருக்கும். கிடைத்த சைக்கிளில் மாட்டுவார், துறையில் கழற்றிக்கொள்வார். கல்யாணத்துக்கும் அதோடுதான் போவார். அந்தச் சத்தம் கேட்டால் சந்தே பிளக்கும். சாயாக்கடை சேட்டன் எழுந்து நிற்பார். நான் "ஓரம், ஓரம்" என்று கத்தினால் அதே சேட்டன், "இறங்கித் தள்ளுங்கோ சாரே" என்பார்.

மாமாவின் பின்னால் ஒட்டிக்கொண்டு போக என் மானம் இடம் தராது. ஐந்து நிமிடம் கழித்தே கிளம்புவேன். துறையில் பார்த்தால், ஒரு கால் பலகையிலும் ஒரு கால் படகிலுமாகக் கண்டக்டரிடம் நியாயம் பேசிக்கொண்டிருப்பார். படகுகூட அவருக்காக நிற்கும்! வயிறு எரியும். எனக்கோ, இன்னொரு நாள் தாமதமானால் கணக்கெழுத வேறு ஆள் என்று முதலாளி சொல்லியாயிற்று.

அதே மாதிரி பெல் ஒன்று வாங்கினேன். அந்தச் சனிக்கிழமை அடித்தேன். ஆடுகள் எழுந்தன.

"நகருங்கடா, மாமா வர்றாரு!" என்றான் தேனிப் பக்கத்து மூட்டைக்காரன். என் முகத்தைப் பார்த்ததும், "அட, இவரா!" என்று நடுச் சந்திலேயே மூட்டையை இறக்கினான்.

"மாமன் அப்பவே போயாச்சே! சாரே, பெல்லைத் தூக்கிட்டீங்களோ?" என்றார் சேட்டன்.

ஆடுகள் படுத்துக்கொண்டன. இறங்கித் தள்ளினேன். படகு போயிருக்கும், வேலையும் போயிருக்கும்.

போகவில்லை. பலகையில் ஒரு கால், படகில் ஒரு கால்.

"ஏறும் மாமா! தினமும் யாருக்காக்கும் இந்த வழக்கு?" என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார்.

"சித்த இரும் ஓய். எங்க தெருக் கணக்கப்பிள்ளை வரணும். பாவம், அவருக்குப் பெல் இல்லை. ஆடு விடாது."

என் பெல்லைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். திங்கட்கிழமையிலிருந்து மாமாவின் பின்சக்கரத்தை ஒட்டியே போகிறேன்; ஆடுகள் மறுபடி படுப்பதற்குள் நானும் கடந்துவிடலாம். பெல் இன்னும் பைக்குள்தான் இருக்கிறது. விலை நூற்றெண்பது ரூபாய்.