மாப்பிள்ளைக்கு நாலு பாகம்

கொசுவை மருந்தடித்து விரட்டிவிடலாம். சரித்திர நாவல் சிபாரிசுக்காரரை எதைக் கொண்டும் விரட்ட முடியாது. எங்கள் சுங்கைப்பட்டாணியில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பாசாரில் கங்கோங் கீரை பொறுக்கிக்கொண்டிருப்பீர்கள், பக்கத்தில் வந்து நின்று, "அந்த நாலு பாகமும் படிச்சாச்சா?" என்பார். இல்லை என்றால் துக்க வீட்டுக்கு வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, "முடிவ மட்டும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்து, முடிவை முதலில் சொல்லி, யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லி, நீங்கள் ஒரு கட்டுக் கீரை பொறுக்குவதற்குள் தளபதியையும் கொன்று முடித்திருப்பார். பிறகு எதற்குப் படிப்பது? கேட்டுப் பாருங்களேன்.

"வர்ணனைக்கு!"

இந்த இனத்தின் தலைமகன் என் பக்கத்து வீட்டுத் தணிகாசலம். பழைய கடாரம் இருந்த பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பழைய கோயில்களைப் பார்க்க எல்லோரும் போவார்கள். இவர் குடையோடு போய்த் தரையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். அந்த நாலு பாக நாவலில் கடாரத்து இளவரசி ஒரு சுரங்கம் வழியாக ஆற்றங்கரைக்குத் தப்பிப் போகிறாள். அந்தச் சுரங்கத்தைத் தேடுகிறார்.

தைப்பூசம் முடிந்த கையோடு அவர் மகள் தேவயானியைப் பெண் பார்க்க வந்தார்கள். நானும் கூட இருந்தேன். பெண்ணும் பையனும் ஏற்கெனவே பேசி முடித்தாகிவிட்டது; அப்பா தலையாட்டுவதுதான் பாக்கி. பையன் லோகேந்திரன் கோலாலம்பூரில் பூமிக்கடியில் ரயில் பாதை தோண்டும் என்ஜினீயர். கேட்க வேண்டுமா?

"தம்பி, அந்தச் சுரங்கம் எவ்வளவு ஆழத்துல போயிருக்கும்?"

"அங்கல்லாம் சேறு அங்கிள். தோண்டினா தண்ணிதான் வரும். சுரங்கம் நிக்காது."

"அப்ப இளவரசி எப்படித் தப்பிச்சாங்க?"

"அது... கதைதானே அங்கிள்?"

தணிகாசலத்தின் கையிலிருந்த முறுக்கு வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "கதையா?" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய் நாலு பாகத்தையும் தூக்கி வந்து பையன் மடியில் வைத்தார்.

"முடிச்சிட்டு வாங்க. அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசுவோம்."

"அப்பா! இவரு நான் அனுப்புற வாட்ஸாப்பையே முழுசாப் படிக்க மாட்டாரு லா!" தேவயானிக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

காதல் எதைத்தான் செய்ய வைக்காது? பையன் படித்தான். சாப்பிடும்போது படித்தான், தோண்டும் இயந்திரம் பழுதானபோதெல்லாம் படித்தான், கடைசியில் அது பழுதாகாதா என்று ஏங்கிப் படித்தான். போன ஞாயிறு திரும்பி வந்தான். தேவயானி வாசலுக்கே ஓடி வந்தாள். அவளைத் தாண்டி உள்ளே போய், மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தான்.

"மாமா, சுரங்கம் இருக்கு. நீங்க தப்பான கரையில தேடுறீங்க."

தணிகாசலம் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தேதி குறித்தாகிவிட்டது. தேனிலவு பூஜாங் பள்ளத்தாக்கில். மாமனாரும் கூடப் போகிறார். இதைத் தேவயானியிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இந்த வரிக்கு வருவதற்குள், 'அது என்ன நாவல், எங்கே கிடைக்கும்?' என்று ஒரு தடவையாவது உங்களுக்குத் தோன்றியிருந்தால், உங்கள் வீட்டில் கல்யாண வயதில் மகளும் இருந்தால், அந்தப் பெண்ணுக்கு என் அனுதாபங்கள்.