பெரிய வீட்டில் வசிப்போர்: யாருமில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். உன் முழங்கால் மட்டும் அதில் சேராது என்று தெரியும். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ நடுவில் பேசுவாய், நான் விஷயத்தை விட்டுவிட்டு சரி சரி என்று வைத்துவிடுவேன். அதனால் கடிதம்.

நம் வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் அறையை இடிக்கப்போகிறார்கள். பதறாதே, முப்பதாம் தேதி வரை அவகாசம் இருக்கிறது. அம்மா போன பிறகு நான் அந்த அறைக்கே குடிவந்துவிட்டது உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. பழைய சைக்கிளும் கால் உடைந்த நாற்காலிகளும் கிடந்த அதே அறைதான். கட்டில், மேசை, ஒரு மின் அடுப்பு போட்டதும் ஓர் ஆளுக்குப் போதுமாகிவிட்டது, குளிக்கப் பக்கத்திலேயே கிணற்றடி. பெரிய வீட்டில் பெருக்க ஐந்து அறை, பேச ஆளில்லை. பெருக்குவதையாவது குறைக்கலாம் என்றுதான் வந்தேன், இரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் மாநகராட்சியிலிருந்து தெருவில் எல்லாருக்கும் ஒரு படிவம் வந்தது. இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர் எழுத்தில் பிழை திருத்திச் சாப்பிடுகிறவள் நான், பொய்யை எழுத எனக்குக் கை வராது. ‘முதன்மை வீட்டில் வசிப்போர்’ என்ற இடத்தில் ‘யாருமில்லை’ என்று எழுதினேன். ‘துணைக் கட்டடத்தின் பயன்பாடு’ என்ற இடத்தில் ‘வசிப்பது’ என்று எழுதினேன். மற்றவர்கள் எல்லாம் ‘பழைய சாமான்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. நம் வீட்டுக்கு ஆய்வாளர் வந்தார்.

நல்ல மனிதர். குடியிருப்புப் பகுதியில் முன்னால் ஆள் இருக்கிற வீடு இருந்தால்தான் பின்னால் துணைக் கட்டடம் இருக்கலாம், அதிலும் சாமான் இருக்கலாம், வேலை செய்யலாம், ஆள் குடியிருக்கக் கூடாது என்று பொறுமையாக விளக்கினார்.

“மேடம், வீட்டுல ஆள் இல்லைன்னா அது வீட்டுக் கணக்குல வராது. ஷெட்டுல நீங்க இருந்தா அது ஷெட்டுக் கணக்குல வராது.”

“அப்ப நான் எங்கதான் இருக்கேன்?”

கையிலிருந்த படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். “விதிப்படி பார்த்தா, தெருவுலதான்.”

நீங்களே முன்வீட்டுக்குப் போய்விடலாமே என்றார். போனேன். சமையலறையில் டம்ளர் வைத்தால் அந்தச் சத்தம் மாடிக்குப் போய்த் திரும்பி வருகிறது. மூன்றாம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னறைக்கே வந்துவிட்டேன். குடும்பத்தில் வேறு யாராவது முன்னால் இருந்தாலும் போதும், பின்னறையை நீங்கள் வேலை செய்யும் இடம் என்று பதிந்துகொள்ளலாம் என்று இன்னொரு வழியும் சொல்லியிருந்தார். அடுத்த முறை அவர் வந்தபோது அக்கா வந்திருக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். எழுதத்தான் கை வராது, வாய் பரவாயில்லை. வாசலில் நீ விட்டுப்போன செருப்பு, கொடியில் ஈரத் துண்டு, மேசையில் பாதி குடித்த காபி எல்லாம் வைத்திருந்தேன். அவர் நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைப் பார்த்தார். குழாய்க்கும் வாளிக்கும் நடுவே சிலந்தி அழகாக வலை கட்டியிருந்தது.

“அக்கா வந்து எத்தனை நாளாச்சு?” என்றார்.

“ஒரு வாரம்.”

“குளிக்கவே மாட்டாங்களா?”

உன் மானத்தைக் காப்பாற்ற உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. சிலந்தியை வசிப்பவராகப் பதிய வழியில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். இதையெல்லாம் யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. அவர்தான் போய்விட்டாரே.

ஆகவே நீ வர வேண்டும். இரண்டு வாரம் போதும். கீழ் அறையையே ஒழித்துத் தருகிறேன், படி ஏற வேண்டாம். போன தடவை கிளம்பும்போது, “உனக்குத் தனியா இருக்கத்தான்டி பிடிக்கும்” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாய். நான் மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, அதை நீ கவனித்திருக்கலாம். இப்போது கேட்பது விதிக்காகத்தான். முப்பதாம் தேதிக்குள் நீ வந்து அந்தக் குழாயைத் திறந்தால் போதும்.

அத்தானுக்கு என் வணக்கம், உன் பிள்ளைகளுக்கு என் அன்பு. எல்லாரும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டையைக் குறைத்து, நன்றாக இருங்கள்.

உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஆய்வாளர் வந்தார். நம் தெரு முழுவதையும் வணிகப் பகுதியாக மாற்றி ஆணை வந்துவிட்டதாம். பின்னறையை இடிக்க மாட்டார்கள். பெரிய வீட்டில் யாரும் குடியிருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. “இனிமே நான் வரவேண்டிய வேலையே இல்ல மேடம்” என்று எனக்காகச் சந்தோஷப்பட்டார். ஆணையை இரண்டு முறை படித்துவிட்டேன், நீ வருவதற்கு அதில் ஒரு காரணமும் இல்லை. காரணம் இல்லாமல் வா.