கேட்டில் நின்ற முக்கால் பட்டதாரி

பன்னிரண்டு வருஷம் இராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவனுக்கு இந்த நாட்டில் ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது. கேட்டில் நிற்பது. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. எந்தக் கந்தோருக்குப் போய் எழுதுவினைஞர் வேலை இருக்கிறதா என்று கேட்டாலும், அங்கிருப்பவர் முதலில் என் தலைமுடியைப் பார்ப்பார், பிறகு நான் நிற்கிற விதத்தைப் பார்ப்பார், அப்புறம் மிக அன்பாக, "செக்கியூரிட்டிக்கு ஆள் எடுக்கிறது வேற கம்பெனி தம்பி" என்பார்.

இத்தனைக்கும் நான் யாரையும் சுட்டவனில்லை. சண்டையெல்லாம் முடிந்தபிறகு சேர்ந்தவன். புல் வெட்டினேன், வெள்ளம் வந்த ஊர்களில் மணல் மூட்டை தூக்கினேன், பெரியவர்கள் வருகிற நாளில் பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளை அடித்தேன், மிச்ச நேரத்தில் கேட்டில் நின்றேன். மடுல்கெல்லையில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த நான், உயர்தரப் பரீட்சையில் கோட்டை விட்டதும் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தேன். லீவில் தோட்டத்துக்குப் போனால் நம் ஆட்கள் ஆமிக்காரன் என்று கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். முகாமுக்குத் திரும்பினால் தமிழன் என்று அங்கே கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். வேலை தேடும்போதும் இதே கதைதான். தமிழ் முதலாளி ஒரு காரணத்துக்காக யோசிப்பார், சிங்கள முதலாளி இன்னொரு காரணத்துக்காக யோசிப்பார், இரண்டு பேரும் யோசித்து முடிப்பதற்குள் வேலை வேறொருவனுக்குப் போய்விடும்.

முகாமில் இருக்கும்போதே வெளிவாரிப் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தேன். விலகி வந்தபிறகு, கம்பளையில் வாடகை வீடு எடுத்து, மனைவி ஸ்டெல்லாவின் முன்பள்ளிச் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு அதைத் தொடர்ந்தேன். சோறு தின்னும் ஒரு ஆணுக்கு இது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கடைசி வருஷத்துப் பரீட்சை மட்டும் பாக்கி. மாமனார் என்னை முக்கால் பட்டதாரி என்று அறிமுகம் செய்வார். (கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை. மனுஷர் சிரிக்கவே மாட்டார்.)

விலகி வந்த அன்றைக்கே ஸ்டெல்லா என் சீருடைச் சப்பாத்தை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். "இனிமே எந்த யூனிபோமும் இந்த வீட்டு வாசப்படிய தாண்டக் கூடாது" என்றாள். "எவன் காருக்கும் நீங்க சல்யூட் அடிக்கக் கூடாது. படிச்ச வேலைக்குப் போங்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கிறேன்." சரி என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்த 'அதுவரைக்கும்' இரண்டு வருஷத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பத்திரிகையில் அந்த விளம்பரம் வந்தது. கண்டியில் ஒரு தேயிலைக் கம்பெனி. பயிற்சிப் பிரிவுக்கு உதவி அலுவலர் வேண்டும். தமிழும் சிங்களமும் சரளமாகத் தெரிய வேண்டும், தோட்டத்து வாழ்க்கை தெரிந்தால் நல்லது, கடைசிப் பரீட்சை எழுதக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். என்னை முன்னால் உட்காரவைத்து அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. முப்பத்தைந்து வயதுக்கு மேற்படாதவராக இருத்தல் வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. அடுத்த மாதம் எனக்கு அந்த வயது தாண்டுகிறது. பத்திரிகையில் வருகிற எல்லா வேலைக்கும் இதே வரியைத்தான் போடுகிறார்கள் என்பதால், இது போனால் அவ்வளவுதான் என்று வீட்டில் மூன்று பேருக்குமே தெரியும். மகளுக்கு ஆறு வயது. விண்ணப்பித்து நேர்முகப் பரீட்சைக்குப் போன அன்றைக்கு அவள்கூட என் சப்பாத்துக்கு அவளாகவே பொலிஷ் எடுத்துக் கொடுத்தாள்.

ஆமிக்காரனின் முதல் வியாதி, சொன்ன நேரத்துக்கு ரொம்ப முன்னால் போய் நிற்பது. பத்து மணி நேர்முகப் பரீட்சைக்கு நான் எட்டு மணிக்கே அந்தக் கந்தோரின் கேட்டில் இருந்தேன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கறுப்பு டை. ஸ்டெல்லா விடியவே எழும்பி மடிப்புக் கலையாமல் அயன் பண்ணிக் கொடுத்தது. கேட்டில் நின்ற காவலாளியும் வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கறுப்பு டைதான் கட்டியிருந்தார். மேலதிகமாக அவர் தலையில் ஒரு தொப்பி இருந்தது. தொப்பிக்குக் கீழே இருந்த முகம் பண்டார சார்ஜன்ட்டின் முகம்.

முகாமில் என் முதல் ஐந்து வருஷத்தையும் ஆட்டிப் படைத்த மனிதர். பார்த்ததும் என் குதிகால் இரண்டும் தானாக ஒட்டிக்கொண்டன.

"மல்லி, நீயா? வேலைக்கா வந்த?" என்றார். (சிங்களத்தில்தான் பேசினார். மல்லி என்றால் தம்பி. நான் நம் பாஷையில் எழுதுகிறேன்.)

"ஆமா சார்ஜன்ட்."

"நல்ல வேலை செஞ்ச. இங்க ஒரு ஆள் கொறைச்சல். நான் செக்கியூரிட்டி கம்பெனிக்கு போன் பண்ணிச் சொல்றேன், உன்ன எடுத்துக்குவாங்க."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து, சார்ஜன்ட், நான் மேலே கதிரையில் உட்காருகிற வேலைக்கு வந்தவன் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வருஷமாகத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னதுதான். ஆனால் அவரைப் பார்த்து 'இல்லை' என்று சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. அவருடைய கண்கள் சிவந்து கிடந்தன. மாற்று ஆள் வராததால் ராத்திரி டியூட்டியைத் தொடர்ந்து பகல் டியூட்டியும் பார்க்கிறாராம். நேற்றுப் பகலுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

"எதிர்த்த கடையில ஒரு ரொட்டி தின்னுட்டு வந்துர்றேன். அஞ்சு நிமிஷம் கேட்டப் பாத்துக்க. எப்படியும் பழகத்தானே வேணும்" என்று சொல்லித் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். "ஆள் இல்லாம கேட் கெடந்தா என்னை அனுப்பிருவாங்க. போன வாரம்தான் எழுதி வாங்கினாங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து நிமிஷம்தானே. நின்றேன்.

நன்றாகவே நின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனியை நடத்துகிற முகாமையாளரின் கார் வந்தது. கேட்டைத் திறந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தேன். (ஸ்டெல்லாவின் முகம் அடித்து முடித்தபிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.) மனிதர் காரை ரிவர்ஸ் எடுக்கத் தடுமாற, பின்னால் போய் நின்று கைகாட்டி ஒரு மதிலுக்கும் ஒரு வேனுக்கும் நடுவில் அதைப் பதமாகச் செருகிக் கொடுத்தேன். அப்போது தூறல் தொடங்கியது. ஒரு மேடம் வந்து இறங்கினார். காவல் அறையில் இருந்த குடையை எடுத்து அவர் தலைக்குப் பிடித்து, நான் நனைந்து, படி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். "தேங்க்ஸ் மல்லி" என்றார். பிறகு என்னோடு போட்டி போட வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரையும் புத்தகத்தில் கையெழுத்துப் போடவைத்து வழி காட்டினேன். பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பையனுக்கு டை ஒரு பக்கமாய்க் கோணிக் கிடந்தது. அவிழ்த்து ஒழுங்காக முடிச்சுப் போட்டுவிட்டேன். "பயமா இருக்கு அண்ணே" என்றான். "ஒண்ணும் பயப்படாதீங்க, நேரா பாத்துப் பேசுங்க" என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.

சார்ஜன்ட் வரவில்லை.

பத்து மணி ஆனது. எதிர்க் கடை வாசலில் ஒரு லொறியை நிறுத்தி வைத்திருந்தார்கள், உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் கேட்டை யாரிடம் கொடுப்பது? இதை ஆமிக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியவைக்க என்னால் முடியாது. பொறுப்பெடுத்த போஸ்டை, கொடுத்த ஆள் வந்து திரும்ப எடுக்காமல் விட்டு நகரக் கூடாது. மழை பெய்தாலும், காய்ச்சல் அடித்தாலும், வயிற்றைப் புரட்டினாலும் நகரக் கூடாது. அதைப் பன்னிரண்டு வருஷம் எனக்குள் ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். அடித்தவர்களில் முக்கியமானவர் இப்போது ரொட்டி தின்னப் போயிருக்கிறார்.

மேல்மாடி வராந்தாவிலிருந்து ஒரு கிளார்க் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவராக உள்ளே போய் வெளியே வந்தார்கள். கடைசியாக, "அந்தோனி செல்வராஜ்" என்றார்.

அது என் பெயர்.

கேட்டுக்கும் வராந்தாவுக்கும் நடுவில் ஒரு சின்ன முற்றம்தான். தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினால் மூச்சு வாங்குவதற்குள் மேலே போயிருப்பேன். "அந்தோனி செல்வராஜ்" என்று மறுபடி கூப்பிட்டார். கால் வரவில்லை. சார்ஜன்ட்டின் வேலை போய்விடுமே என்று நான் தியாகம் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். அப்போது அவர் ஞாபகமே எனக்கு இல்லை. கால் வரவில்லை, அவ்வளவுதான். நான் இங்கே இருக்கிறேன் என்று கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். தொப்பியோடும் நனைந்த சட்டையோடும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் அப்படிக் கத்தினால் எப்படி இருக்கும் என்று நினைத்ததும் அந்த வாயும் மூடிக்கொண்டது. மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, நான் குடை பிடித்த அந்த மேடமே இறங்கி வந்தார். நேராக என்னிடம்தான் வந்தார். கையில் என் விண்ணப்பம் இருந்தது. ஒரு மூலையில் ஒட்டியிருந்த படத்தில் நான் தொப்பி இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"மல்லி, செல்வராஜ்னு ஒருத்தர் வந்தாரா? ஒருவேளை கீழே நிக்கிறாரோன்னு பாக்க வந்தேன். நல்ல விண்ணப்பம் இது. அதனாலதான் இவ்வளவு நேரம் காத்திருந்தோம்."

நான் அட்டென்ஷனில் நின்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல், அவர் தலைக்கு மேலே தெரிந்த மரத்தைப் பார்த்தேன். அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

"இன்னும் வரல மேடம்" என்றேன்.

"ஆமியில இருந்தவராம். நேரத்துக்கு வருவார்னு நெனச்சேன்" என்று சொல்லித் தாளை மடித்துக்கொண்டு படியேறிப் போனார். அவர் முதுகுக்கும் ஒரு சல்யூட் அடித்தேன்.

பதினொன்றரைக்குச் சார்ஜன்ட் ஓடி வந்தார். ரொட்டியைத் தின்றதும் மேசையிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாராம். கடைக்காரர் பாவம் பார்த்து எழுப்பவில்லையாம். "எல்லாம் சரியா?" என்றார். "எல்லாம் சரி சார்ஜன்ட்" என்று முறைப்படி பொறுப்பைக் கொடுத்துத் தொப்பியையும் கொடுத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து சீட் அம்மா என் கையில் ஒரு புளிப்பு டொபியை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கம்பளை வரைக்கும் அதை வாயில் போட்டுக்கொண்டே அழுதேன்.

வீட்டில் ஸ்டெல்லா அடுப்படியில் இருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன்.

"அந்த மேடம் கேட்டப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

"வரலன்னு சொன்னேன்."

"யாரு வரல?"

"நான்."

அகப்பையை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அது எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் சோற்றைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பசித்தது, என்ன செய்வது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வாசலில் பண்டார சார்ஜன்ட்டின் குரல் கேட்டது. கண்டியிலிருந்து பஸ் ஏறி, விலாசம் விசாரித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருந்தார். நான் உள்ளறையில் கட்டிலில் கிடந்தேன். அந்த மேடத்துக்கும் முகாமையாளருக்கும் அன்றைக்குக் கேட்டில் நின்ற பையனை மிகவும் பிடித்துவிட்டதாம். நிரந்தரமாக அவனையே போடச் சொல்லி செக்கியூரிட்டி கம்பெனிக்கே போன் பண்ணினார்களாம். இரண்டு வருஷத்தில் என்னைத் தேடி வீட்டுக்கு வந்த ஒரே வேலை அதுதான். மனிதர் அதைச் சொன்ன சந்தோஷத்தைக் கேட்டபோது எனக்கு எழும்பிப் போய்விடலாம் போலத்தான் இருந்தது. கால்கள் தரைக்குக் கூட வந்துவிட்டன.

"எங்க நங்கி அவன்?" என்று தங்கச்சியைக் கேட்கிற மாதிரி ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

ஸ்டெல்லா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், கொஞ்சமும் குரல் நடுங்காமல் சொன்னாள். "அவர் இன்னும் வரல்ல."

வாசலில் என் சப்பாத்து, முகம் பார்க்கிற மாதிரிப் பொலிஷ் போட்டு, நூல் பிடித்தாற்போல் வைத்திருந்தது. ஊரில் ஆமிக்காரன் ஒருவன்தான் அப்படி வைப்பான். சார்ஜன்ட்டின் கண் அங்கே போய்விட்டு வந்ததை ஸ்டெல்லா பார்த்தாளாம். அவர் வாழைப்பழத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, "அப்ப வந்தா சொல்லுங்க. அவன் வர்ற வரைக்கும் அந்தக் கேட்ட நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிப் படியிறங்கிப் போனார்.

இப்போது எனக்கு முப்பத்தாறு. பரீட்சை எழுதி முழுப் பட்டதாரி ஆகிவிட்டேன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஓட்டோ ஓட்டுகிறேன், சாயங்காலம் டியூஷன் கொடுக்கிறேன், வயது வரி போடாத விளம்பரம் எங்கேயாவது தென்பட்டால் விண்ணப்பம் அனுப்புகிறேன். டை கோணிப் போன அந்தப் பையன்தான் அந்த வேலையில் இருக்கிறானாம். நன்றாகச் செய்கிறானாம்.

கதை குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. மாமனார் அதைக் கேட்டுத்தான் முதல்முறையாகச் சிரித்தார். இப்போதெல்லாம் யாராவது போனில் கூப்பிட்டு, செல்வராஜ் இருக்கிறாரா என்று கேட்டால், மகள் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்புகிறாள்.

"அப்பா, நீங்க வந்துட்டீங்களா?" என்று கேட்கிறாள்.

அவள் விளையாட்டுக்குத்தான் கேட்கிறாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்கு அதற்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.